அத்தை வீட்டுத் தொட்டிச் செடி

அத்தை மகளைப் பார்த்து நான் பொருமியதற்குக் கணக்கே கிடையாது. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு, ராயபுரத்தில் ஒரே சந்தில் எதிரெதிர் வீடு. ஆனால் மீன் குழம்பில் நடுத்துண்டு அவளுக்கு. கோயிலில் முதல்முறை நன்மை வாங்கும் புதுநன்மைச் சடங்குக்கு எனக்குத் தைத்த கவுனைவிட அவள் கவுனில் லேஸ் அதிகம்; அதைத் தைக்கக் கொடுத்தவரே என் அப்பா என்பதுதான் கொடுமை. இரண்டு பேரும் சண்டை போட்டால் திட்டு எனக்கு மட்டும். "அது பாவம், வுட்டுக் குடு" என்பாள் அம்மா. அவளிடம் இல்லாத எது என்னிடம் இருந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அவள் அப்பாவும் என் அப்பாவைப் போல மீன் பிடிக்கிறவர். அந்த மாமா முந்தின வருஷம் லாஞ்சில் கடலுக்குப் போனார். புயலில் அந்த லாஞ்சு திரும்பவில்லை. போனவர்களில் ஒருவர்கூடக் கரை ஒதுங்கவில்லை. பெரியவர்கள் தேடி ஓய்ந்தார்கள், பிறகு பிள்ளைகள் முன்னால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. மாமா ஏதோ தூரத்துத் துறைமுகத்தில் இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். வரும்போது அவளுக்கு என்னென்ன கொண்டுவருவாரோ என்று அதற்கும் முன்கூட்டியே பொறாமைப்பட்டு வைத்தேன்.

இந்த லட்சணத்தில் அத்தை ஒருநாள் ரிக்‌ஷாவில் ஒரு மண் தொட்டியோடு வந்து இறங்கினாள். தொட்டியில் ஒரு செடி, என் இடுப்பு உயரம். எங்கள் சந்தின் உப்புக்காற்றில் அம்மா வைத்த ரோஜா ஒரு மாதம் தாங்காது. இது எதற்கும் அசையவில்லை. சீப்பால் வாரிவிட்டது போலத் தட்டையான இலைகள், வெயிலிலும் மழையிலும் அதே கரும்பச்சை. நசுக்கினால் வார்னிஷ் வாசனை அடித்தது.

பெயர் யாருக்கும் தெரியவில்லை. சவுக்கு ஜாதி என்றார் அப்பா. ரயில்வேயில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், ஊட்டியில் பார்த்திருக்கிறேன், பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது என்று ஒரு வாரம் இழுத்தடித்தார். அத்தையைக் கேட்டால், "இன்னாவோ ஒரு செடி" என்று உள்ளே போய்விடுவாள்.

நான் கண்டுபிடித்துவிட்டேன். வாழ்த்து அட்டைகளில் பார்த்த கிறிஸ்மஸ் மரம்தான் அது! எங்கள் வீட்டில் டிசம்பரில் சவுக்குக் கிளையை வெட்டி பிஸ்கட் டப்பாவில் நட்டு வைப்போம். பண்டிகைக்கு முன்பே பழுத்துக் கொட்டும். அவளுக்கோ வேரோடு, நிஜ மரம். இனி எங்கள் டப்பாவை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் செடியில் பூச்சி விழ வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். பூச்சி விழவில்லை. மாதாவும் அத்தை வீட்டுப் பக்கம்தான்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அன்று எங்கள் ஆட்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு காசிமேட்டுக் கல்லறைக்குப் போவது வழக்கம். தாத்தா கல்லறைக்கு அப்பா சுண்ணாம்பு அடித்தார், அம்மா சாமந்திப் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினாள். தாத்தா அத்தைக்கும் அப்பாதான், ஆனாலும் அத்தை வரவில்லை. ஜெபத்தின் நடுவே கண்ணைத் திறந்தேன். நடைபாதை ஓரத்தில் வரிசையாக அதே செடி, ஆள் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. ஓடிப்போய் ஒரு கொத்தைக் கிள்ளி நசுக்கினேன். அதே வார்னிஷ் வாசனை. அத்தனை பேர் அழுதுகொண்டிருந்த இடத்தில் சந்தோஷமாக இருந்தவள் நான் ஒருத்திதான்.

வீடு திரும்பியதும் நேரே அத்தை வீட்டுக்கு ஓடினேன். தொட்டி நடுவீட்டில் இருந்தது. செடிக்குச் சாமந்தி மாலை, சுற்றிலும் மெழுகுவத்திகள். அத்தை ஜெபமாலையோடு சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் மகள் தரையில் வழிந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏய், இது கிறிஸ்மஸ் மரம் இல்லடி. கல்லறைல வெக்கிற மரம். காசிமேட்ல வரிசையா கீது!" என்றேன்.

அவள் முகம் தொங்கும் என்று காத்திருந்தேன்.

"தெரியும்" என்றாள். "அந்த மரத்தப் பாத்துட்டுத்தான் அம்மா வாங்கியாந்துச்சு. எங்க நைனாவுக்கு அங்க கல்லறை இல்லல்ல. நீங்கள்லாம் காசிமேடு வரிக்கும் நடக்கணும். எங்குளுது வூட்லயே கீது."

மறுபடியும் அவளே ஜெயித்துவிட்டாள். எல்லோரும் கால் கடுக்க நடந்து போகும் இடம் அவளுக்கு மட்டும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் அப்பா கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அம்மா அவருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"எம்மா, நம்ம நைனாவுக்கும் அந்த மாதிரி ஒரு மரம் வாங்கி வூட்ல வெய்யிம்மா."

அம்மா ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அடித்த கையாலேயே அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவர் எவ்வளவோ சொல்லியும் விடவில்லை. அப்பா அன்று கடலுக்குப் போகவில்லை. அறை வாங்கியது நான், அழுதது அம்மா. ஒன்றும் புரியவில்லை. கேட்காமலே அத்தை மகளுக்கு மரம் வருகிறது, வாய்விட்டுக் கேட்ட எனக்கு அறை கிடைக்கிறது. இது என்ன நியாயம் என்று கன்னத்தைத் தடவிக்கொண்டே எதிர் வீட்டை முறைத்துக்கொண்டு நின்றேன்.