ஒரே மடக்கில் மாத்திரையும் கிரீன் டீயும்

சலவைக்கூடத்தில் அவளுக்கு 'அவசரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டே சாப்பிடுவாள். சாப்பிட்டுக்கொண்டே செருப்பை மாட்டுவாள். ஒரு நேரத்தில் ஒரு வேலை என்றால் அவளுக்குக் கை அரிக்கும்.

அப்படிப்பட்டவளைத்தான் டாக்டரம்மா மாதக்கணக்கில் காக்க வைத்திருந்தார். அவள் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸ் செய்துதான் உயிர் ஓடிக்கொண்டிருந்தது. தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்க அக்கா தயார். பொருத்தமும் பார்த்தாயிற்று. ஆனால் அவளுக்குப் பாழாய்ப்போன சர்க்கரை எல்லையைத் தொட்டு நின்றது, ரத்தத்தில் இரும்புச்சத்தும் குறைவு. "ரெண்டையும் சரி பண்ணிட்டு வாங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

கிரீன் டீயைக் கண்டுபிடித்தது தம்பிதான். போனே கதியென்று கிடக்கிறவன் ஆயிற்றே! "அக்கா, இதுல ஆன்டிஆக்சிடன்ட் நெறைய இருக்காம். சர்க்கரை எறங்குமாம், கொழுப்பு கரையுமாம்" என்று பெரிய பொட்டலமாக வாங்கி வந்தான். தினமும் காலையில் தானே போட்டு பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பான். டயாலிசிஸ்காரன் என்பதால் அவனுக்கோ தண்ணீர்கூட அளந்துதான். நாக்கு வறள நின்றுகொண்டு இன்னொருத்திக்கு டீ போடுகிறவனை என்னவென்று சொல்வது! கசப்பில் அவள் முகத்தைச் சுளித்தால், "நடிக்காதக்கா, குடி. நீ குடிக்கிறதைப் பாத்தாலே எனக்குத் தொண்டை நனையுது" என்பான்.

அவளும் சும்மா இருக்கவில்லை. டாக்டரம்மா சொன்னபடி இனிப்பை அறவே விட்டாள், பஸ்ஸை விட்டு நடந்தே வேலைக்குப் போனாள். இடைவேளை மணி அடித்ததும் இரும்புச்சத்து மாத்திரையை வாயில் போட்டு, மேலே கிரீன் டீயை ஒரே மடக்காக ஊற்றிக்கொள்வாள். இரண்டு வைத்தியமும் ஒரே நேரத்தில் முடிந்ததே என்று அவளுக்கு ஏகப் பெருமை.

மறுபரிசோதனை முடிவு வரும் நாளில் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவளால் உட்கார முடியவில்லை. காலையில்தான் தம்பியின் கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் போனதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். இந்தத் தடவையும் தள்ளிப்போட்டால் என்ன செய்வது?

"சர்க்கரை நல்லா எறங்கியிருக்கு" என்றார் டாக்டரம்மா. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆனா இரும்பு ஏறவே இல்லையே? மாத்திரை போடறீங்களா, இல்லையா?"

"சத்தியமா ஒரு நாள் விடலை டாக்டர்."

"எதோட போடறீங்க?"

அவள் பிளாஸ்கை எடுத்துக் காட்டினாள். டாக்டரம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"அய்யோ அம்மா! டீ அந்த இரும்பை ஒடம்புல சேர விடாது! டீ குடிச்சது தப்பில்லை. சர்க்கரைக்கு அதுவும் கொஞ்சம் ஒதவியிருக்கலாம். முக்கியமா நீங்க நடந்ததும் இனிப்பை விட்டதும்தான். ஆனா மாத்திரையைத் தண்ணியில தனியா போடணும். டீக்கும் அதுக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கலாம்."

ரெண்டு மூணு மாசம்! அதுவரை அவன் தாங்குவானா? வெளியே வந்தபோது அவளுக்குத் தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

வீட்டு வாசலிலேயே தம்பி நின்றான். "என்னக்கா சொன்னாங்க?"

"சர்க்கரை எறங்கிடுச்சுடா. எல்லாம் உன் டீ மகிமை." டீயால் கெட்டதை அவனிடம் எந்த வாயால் சொல்வாள்? "இரும்புதான் இன்னும் கொஞ்சம் ஏறணுமாம். நான்தான் மாத்திரையை ஒழுங்கா போடலை."

அவன் முகம் ஒரு கணம் சுருங்கி, பிறகு தேறியது. "அதனால என்ன? இரு, சூடா போட்டுத் தர்றேன்." தடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கையில் எடுத்த மாத்திரையை அவள் மறுபடி டப்பாவுக்குள் போட்டாள். அவன் கொடுத்த டீயைச் சொட்டு விடாமல் குடித்தாள். பிறகு மடிக்கக் கிடந்த துணியைக்கூடத் தொடாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி வீங்கிய காலை ஸ்டூல்மேல் தூக்கி வைத்தான். "என்னக்கா அதிசயமா இருக்கு? நீ சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லையே!"

"நேரம் ஆகட்டும்டா" என்றாள். சொல்லும்போது அவள் அவன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.