படத்தில் அழித்த புள்ளி

அறந்தாங்கியில் ஜெபக்குமாரின் ஸ்டுடியோவில் எடுக்கும் படங்களில் பாதி வளைகுடாவுக்குப் போகிறவை. வருடக்கணக்கில் பிள்ளையைப் பார்க்காத தகப்பனுக்கு ஒரு கொசுக்கடிகூடத் தெரியக்கூடாது என்பார். தழும்பு, மூக்குச்சளி, பிளாஷில் சிவந்த கண், எல்லாவற்றையும் கணினியில் துடைத்துவிட்டே கொடுப்பார். அதை அவர் இரக்கம் என்று நினைத்திருந்தார்.

பெருநாளன்று சம்சுன் நிஹார் தன் மகள் ரூமானாவைத் தூக்கிவந்தாள். பிள்ளைக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை.

"இவ அத்தா அங்க ஒட்டகத்தையே பாத்துக்கிட்டு இருக்காருண்ணே. நல்லா எடுத்து விடுங்க."

"ஒட்டகத்தைவிட அழகா எடுத்துர்றேன், போதுமா?"

பிள்ளை ஓரிடத்தில் நிற்கவில்லை. கேமராவின் பிளாஷிலேயே எடுத்தார். இடக்கண் வழக்கம்போலச் சிவந்திருந்தது. வலது கருவிழியின் நடுவே வெள்ளையாக ஏதோ மின்னியது. வெளிச்சக் கோளாறு என்று எண்ணி, இரண்டிலும் கறுப்பை வைத்தார். அடுத்த பெருநாளிலும் அப்படியே செய்தார்.

பிறகு பிள்ளையின் வலக்கண் மாறுகண்போல ஒருபக்கம் இழுத்தது. மதுரை ஆஸ்பத்திரியில் கண்ணுக்குள் புற்றுநோய் என்றார்கள். வலக்கண்ணை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்த சம்சுன் நிஹார் ஸ்டுடியோ பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"ஒடம்புல இருக்குற செல்லு ரெண்டாப் பிரியிறதுக்கு முன்னாடி, 'இப்ப வேணாம், நில்லு'ன்னு தடுக்க ஒரு புரதம் இருக்காம்ணே. ஆர்பின்னு பேராம். இவ கண்ணுக்குள்ள அது இல்லாமப் போயி, கண்டபடி பெருகிருச்சாம். நல்ல கண்ணு பிளாஷ்ல செவப்பாத் தெரியுமாம், இவளுக்கு வெள்ளையாத் தெரிஞ்சிருக்குமேன்னு டாக்டர் கேட்டாரு. ஒங்க போட்டோவக் காட்டினேன். அதுல ஒண்ணுமே இல்லையே?"

"நான்தாம்மா அழிச்சேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அந்தக் கொறை ஒடம்பு பூராவும் இருக்காம். இன்னொரு கண்ணையும் பாத்துக்கிட்டே இருக்கணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

வளர்வதைத்தான் உயிர் என்று ஜெபக்குமார் எண்ணியிருந்தார். போதும் என்று சொல்ல உள்ளே ஒன்று இருப்பதும், அது இல்லாமல் போனால் வளர்ச்சியே உடம்பைத் தின்பதும் அவருக்குத் தெரியாது. தெரியாமல் போனது குற்றமில்லை என்று பலரும் சொன்னார்கள். அதில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

மறுபெருநாளில், செயற்கைக் கண் பொருத்திய ரூமானாவோடு சம்சுன் நிஹார் வந்தாள்.

"பிளாஷ் போட்டே எடுங்கண்ணே."

எடுத்தார். இடக்கண்ணைத் திரையில் பெரிதாக்கினார். சம்சுன் நிஹார் அங்கிட்டுத் திரும்பி நின்றுகொண்டாள்.

"செவப்பா இருக்கும்மா."

"டாக்டர் பாத்துச் சொன்னாத்தான் நிசம்" என்றாள். ஆனாலும் பெஞ்சைப் பிடித்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவர் எதையும் அழிக்காமல் கொடுத்தார்.

படம் போன சற்று நேரத்தில் சவூதியிலிருந்து போனில் அவள் கணவரின் குரல் வந்தது: "ஏன் புள்ள கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு? ஸ்டுடியோக்காரரு தூங்கிட்டாரா?"

அவள் போனை வாயருகே வைத்தாள்.

"செவந்தே இருக்கட்டுங்க."