கிளிக்குப் பிடித்த சனி

எங்கள் குடும்பத்தில் ஏழரைச் சனி முதலில் பிடித்தது மாமாவைத்தான். பிறகு மாமா வேலைக்கு டோஹா போனார். சனி அவரை விட்டுவிட்டு அவருடைய கிளியைப் பிடித்துக்கொண்டது என்று அம்மா கண்டுபிடித்தார். சனீஸ்வரனுக்கு விசா கிடைக்கவில்லைபோல என்றார் அப்பா. அம்மா சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் இருந்தோம். மாமா அம்மாவின் ஒரே தம்பி. கலியாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். பக்கத்து வளவில் இன்னொரு மாடிக்கட்டடம் எழுப்புவதற்காகப் பட்டுப்போன தென்னை ஒன்றைத் தறித்தபோது, பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சை அவர் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். ஒரு செட்டை முறிந்திருந்தது. கடலைமாவைக் கரைத்து விரல்நுனியால் ஊட்டி வளர்த்தார். செட்டை கோணலாகப் பொருந்திவிட்டதால் அது கடைசிவரை பறக்கவில்லை. அதற்குத் துரை என்று பெயர். ஒரு வேலையும் செய்யாமல் நேரத்துக்குச் சாப்பாடு கேட்டதால் வந்த பெயர் அது.

மாமா வேலை முடிந்து வரும்போது மாடிப்படியில் நின்று இரண்டு தரம் விசில் அடிப்பார். லிப்ட் இருந்தாலும் படியால்தான் ஏறுவார். துரைக்கு முன்கூட்டியே அறிவிக்க வேண்டுமாம். அது கூட்டிலிருந்து இறங்கி, கோணல் செட்டையை இழுத்துக்கொண்டு வாசல்வரை நடந்துபோய்க் கதவைப் பார்த்தபடி நிற்கும். கதவு திறந்ததும் காற்சட்டையில் ஏறி, சேர்ட்டில் ஏறி, தோளில் போய்க் குந்தும். அதற்குப் பிறகுதான் மாமா சப்பாத்தைக் கழற்றுவார்.

அவர் போய்க் கொஞ்ச நாளில் துரை தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியது. முதலில் நெஞ்சில் ஒரு சொட்டை. பிறகு வயிறு, தொடை என்று இறங்கி, கழுத்துக்குக் கீழே கோழிக்கடையில் தொங்குவது மாதிரி ஆகிவிட்டது. கண்ணாடியைப் பார்த்தால் தனக்கே வெட்கமாயிருக்கும் என்று கூட்டில் மாட்டியிருந்த கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். கீழ்வீட்டுப் பிள்ளைகளைக் கிளி பார்க்கக் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். அது சத்தம் போடாமல் பிடுங்கும். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. செத்துப்போய்விடுமோ என்று பள்ளிக்கூடத்திலும் அதே நினைவுதான்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. அது ஒரு இறகில் அலகை வைத்தால் போதும், அப்பா "ஏய்!" என்று பாய்வார். அம்மா சமையலறையிலிருந்து ஓடிவருவார். நான் பாட்டுப் பாடுவேன். அம்மா உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துக் கூட்டைச் சுற்றி நாவூறு கழித்தார். மூன்றாவது சுற்றில் துரை கம்பிக்குள்ளால் கழுத்தை நீட்டி ஒரு மிளகாயை இழுத்து, ஆறுதலாக இருந்து சப்பித் தின்றது.

டோஹாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்று பின்னேரம் அம்மா விளக்கேற்றிக் கும்பிட்டு முடிய மாமாவின் வீடியோ கோல் வரும். எங்களுக்கு முன்னால் துரையைத்தான் விசாரிப்பார்.

"அக்கா, முதல்ல அவனைக் காட்டுங்கோ. துரை, சாப்பிட்டியாடா?"

பிறகு விசில் அடிப்பார். அவ்வளவுதான், துரைக்குப் புது உயிர் வந்துவிடும். தலையை ஆட்டும், கத்தும், கூட்டிலிருந்து இறங்கும். போனைத் திரும்பியும் பார்க்காமல் நேரே வாசலுக்கு நடக்கும். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். மாமாவோடு அறையில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். "தம்பி, உன்ட குரல்தான் அவனுக்கு மருந்து. அடிக்கடி எடு" என்பார் அம்மா. மாமாவும் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பார். அவருக்கு அந்த ஊரில் வெள்ளிக்கிழமைக்கு வேறு அலுவல் இருந்ததாகத் தெரியவில்லை.

கோல் முடிந்தபிறகும் துரை கதவடியில் நிற்கும். தூக்கிக் கூட்டுக்குள் விட்டால் திரும்பவும் இறங்கிப் போகும். மறுநாள் காலையில் அம்மா கூட்டுமாறால் கூட்டும்போதுதான் பச்சை இறகுகள் அள்ள அள்ள வரும். மற்ற நாட்களில் ஒன்றிரண்டு, சனிக்கிழமையில் ஒரு குவியல். இதற்குமேல் அம்மாவுக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? புரட்டாசி மாதமும் பிறந்திருந்தது. சனிக்கிழமை எங்களையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் எள்ளெண்ணெய் விளக்கு எரித்தார். அர்ச்சனைக்கு ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்டார். துரை என்ற பெயரை அம்மா தயங்காமல் சொன்னார். தென்னம்பொந்தில் பிறந்ததற்கு நட்சத்திரம் யாருக்குத் தெரியும்? கொஞ்சம் யோசித்துவிட்டு மாமாவின் நட்சத்திரத்தைக் கொடுத்தார். கிளியின் தோஷத்துக்கு மாமாவின் நட்சத்திரத்தில் பரிகாரம் நடந்தது. அடுத்த சனியும் இறகு விழுந்தது.

கடைசியில் அப்பா துரையை ஒரு கூடைக்குள் வைத்துத் தெஹிவளைப் பக்கம் இருந்த மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். டாக்டர் ஒரு சிங்களப் பெண். என்னுடைய சிங்களம் அப்போது பாண் வாங்குகிற அளவுக்குத்தான் இருந்தது. அவர் துரையின் தோலைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். அப்பாவிடம் ஏதோ கேட்டார். அப்பா சனிக்கிழமை என்பதைச் சிங்களத்தில் சொன்னார். டாக்டர் திரும்ப ஏதோ கேட்க, அம்மா முந்திக்கொண்டு போனை எடுத்துக் காட்டிப் பெருமையாக விளங்கப்படுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பிள்ளை, மாமா அடிக்கிற மாதிரி ஒருக்கா விசில் அடிச்சுக் காட்டு" என்றார்.

நான் அடித்தேன். மேசையில் நின்ற துரை டக்கென்று திரும்பி அந்த அறையின் கதவைப் பார்த்தது. யாரும் வரவில்லை. அது பார்த்துக்கொண்டே நின்றது. டாக்டர் அம்மாவிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அம்மாவின் முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. என் விசில் சரியாக வரவில்லையாக்கும் என்று நான் நினைத்தேன்.

டாக்டர் சொன்னதைப் பல வருடங்களுக்குப் பிறகுதான் அம்மா எனக்குச் சொன்னார். கிளிக்குப் போன் தெரியாது. விசில் கேட்டால் ஆள் படியில் வருகிறார் என்பதுதான் அதற்குத் தெரியும். நீங்கள் கிழமைக்கு ஒருதரம் அவரைப் படிவரை கொண்டுவந்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறீர்கள். இனி அந்தக் குரல் அதன் காதில் விழக்கூடாது. அது அவரை மறக்கட்டும்.

எனக்குத் தமிழில் சொல்லப்பட்டது மற்ற வைத்தியம் மட்டும். கடித்துக் கிழிக்கத் தென்னோலையும் சோளப்பொத்தியும் கொடுக்க வேண்டும். காலையில் தண்ணீர் தெளிக்க வேண்டும். மாலையில் கூட்டைத் துணியால் மூட வேண்டும். பிடுங்கும்போது யாரும் ஏசவோ ஓடிவரவோ கூடாது, ஏசினாலும் ஆள் வருகிறதே என்று அதற்குப் பழகிவிடும். இதில் ஆகக் கஷ்டப்பட்டவர் அப்பா. துரை இறகில் வாய் வைத்தால் அவர் வாயைப் பொத்திக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். தென்னோலை தேடி ஒழுங்கை ஒழுங்கையாக அலைவது என் வேலை. அந்த வேலையை நான் மந்திரிப் பதவி மாதிரிப் பார்த்தேன்.

அந்த வியாழக்கிழமை இரவு அம்மாவே மாமாவுக்குக் கோல் எடுத்தார். பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் கதைத்தார். கடல் இரைச்சலில் எனக்கு அரையும் குறையுமாகத்தான் கேட்டது.

"நான் வேணுமெண்டு சொல்லுவனா தம்பி... அவனுக்காகத்தான்டா... இல்லை, இல்லை, காட்டாமல் விடமாட்டன்."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. கொட்டாஞ்சேனையிலிருந்து மாமாவுக்குக் கலியாணம் பேசி ஒரு சாதகம் வந்திருந்தது. அது பொருந்தவில்லை, மாமா கவலைப்படுகிறார். அம்மா உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது.

"அம்மா, அந்தப் பொம்பிளை சரிவரேல்லையா?"

"ஓம், சரிவரேல்ல. போய்ப் படு."

மறுநாள் வெள்ளிக்கிழமையிலிருந்து மாமாவின் போன் பழுதாகிவிட்டது. படம் வரும், சத்தம் வராது. அம்மா போனை என் கையில் தந்து, "துரையிட்டக் கொண்டுபோய்ப் பிடி" என்றுவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவார். துரை தென்னோலையைக் கிழித்துக்கொண்டிருக்கும். வாசல் பக்கம் போவதை அது விட்டுவிட்டது. சனிக்கிழமைக் குவியலும் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் அதன் நெஞ்சில் ஊசி ஊசியாகப் புது இறகு குத்திக்கொண்டு நின்றது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"மாமா, முளைக்குது! பாருங்கோ, பச்சையா முளைக்குது!"

மாமா முகத்தைப் போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். திரை முழுவதும் அவருடைய கண்தான். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு சொல் வரவில்லை.

"மாமா, கேக்கேல்ல. மைக்கைப் பாருங்கோ. ஏதாவது கதையுங்கோ!"

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். எனக்குக் கோபம் வந்தது. டோஹாவில் இவ்வளவு சம்பளம் எடுக்கிறார், ஒரு நல்ல போன் வாங்க மாட்டாராமா? கதைக்க முடியாத கோலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சிவப்புப் பொத்தானை நானே அமத்திவிட்டேன். அமத்தும்போதும் மாமா பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.