கண் திறந்துவைத்த ஏகாம்பரம்

ஸ்டுடியோவில் வேலை மும்முரமாக இருந்த மதியம், என் கூட்டாளி ஏகாம்பரத்தின் மனைவி கலா போனில் கூப்பிட்டார். "அண்ணா, இவரு போய்ட்டாருண்ணா. நெஞ்சு வலிக்குதுன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." அழுது ஓய்ந்ததும் அவர் கேட்டது, அஞ்சலிப் பதாகைக்கு அவர் படம். கிடைத்தது ஒன்றே ஒன்று. திருவிழாவில் யாரோ செல்போனில் எடுத்தது. அதில் ஏகாம்பரம் கண்ணை மூடியிருந்தார். கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் போயிற்று. மற்ற காலமெல்லாம் மனிதர் கேமராவுக்குப் பின்னால்தான் நின்றார்.

படப்பையில் நாங்கள் இருவரும் சேர்ந்து நடத்திய ஸ்டுடியோவை நீங்கள் அறிவீர்கள். அஞ்சலிப் பதாகைக்கு வரும் படங்களில் மூடிய கண்ணைத் திறந்துவைப்பது அவர் வேலை. நான் சோம்பேறி. செல்போனில் ஒரு தட்டு தட்டினால் திறக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்பேன். அவரோ இறந்தவரின் ரத்த சொந்தம் ஒருவரை உட்காரவைத்து, அவர் கண்ணைப் படமெடுத்து, இமை, நிழல், விழியில் விழும் வெளிச்சம் என்று ஒவ்வொன்றாகக் கணினியில் பொருத்துவார். "செல்லு கண்ணத் தொறக்கும்பா. அது யாரப் பாக்குதுன்னு அதுக்கே தெரியாது" என்பார்.

ஒரகடத்தில் கம்பெனி வேலைக்கு வந்து விபத்தில் இறந்த தென்காசி இளைஞன் ஒருவனுக்குச் சொந்தம் யாரும் இல்லை. ஏகாம்பரம் என்னை உட்காரச் சொன்னார். "உன் கண்ணு ஒண்ணுமே இல்லாம சாதாரணமா கீது. யாருக்கும் ஒட்டும்." கோபம் வந்தது, உட்கார்ந்தேன். படத்தைப் பார்த்த அவனது அறைத்தோழன், "அவனேதாம்ணே, அப்படியே பாக்கான்" என்று விம்மினான். பிறகொரு நாள் வடக்குப்பட்டு திருப்பத்தில் வண்டியை நிறுத்திவிட்டேன். அந்த இளைஞனின் பதாகையிலிருந்து நானே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன்பின் சொந்தமில்லாத எத்தனை முகங்களுக்கு என் கண் போனதோ, நான் கேட்கவில்லை. பயம்தான்.

கலாவுக்காக முதலில் செல்போனைத்தான் தட்டினேன். பளபளவென்று இரண்டு கண்கள் திறந்தன. "யாருண்ணா இது? இந்த ஆளு வூட்டு வாசல்ல வந்து நின்னா நான் கதவத் தொறக்க மாட்டேன்" என்றார் கலா. பிறகு ஏகாம்பரத்தின் முறைப்படியே மெனக்கெட்டேன். அவருக்கும் கூடப்பிறந்தவர்கள் இல்லை, பிள்ளை இல்லை. என் கண்ணையே வைத்தேன். அச்சு அசலாகப் பொருந்தியது. கலா சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"நீங்க பாக்குற மாதிரி கீதுண்ணா. எடுத்துடுங்க. அவரு மூடிக்கினே இருக்கட்டும்."

அப்படியே அச்சடித்தோம். கண் மூடியிருக்கிறதே, படம் மாறிவிட்டதா என்று உங்களில் பலர் விசாரித்தீர்கள். மாறவில்லை.

அவருடைய நாற்காலியில் இப்போது நான் உட்கார்கிறேன். செல்போனைத் தட்டுவதை விட்டுவிட்டேன். யார் படம் வந்தாலும், கண்ணைத் திறக்கட்டுமா என்று வீட்டாரை முதலில் கேட்கிறேன். அவரால் எனக்கு வந்த பழக்கம் இது. மாலையில் பதாகைகளைக் கடந்து வீடு திரும்பும்போது எல்லா முகங்களும் என்னைப் பார்க்கின்றன. பார்க்காத முகம் அவருடையது ஒன்றுதான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.