ஜெனிட்டாவுக்கு எழுதிய வீடு

முப்பது வயதில் உயிலா என்று சிரிக்காதீர்கள். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. நான் எழுதி வைக்காவிட்டால், என் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு அப்பாவுக்குப் போய்விடும். என்னோடு குடியிருக்கும் ஜெனிட்டா தெருவில் நிற்பாள்.

வெள்ளைத்தாளே போதும் என்று படித்ததும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் துறைமுகத்தின் வாசலில், டீக்கடை அண்ணாச்சியையும் ஜெனிட்டாவையும் சாட்சிக்கு அழைத்தேன்.

ஜெனிட்டா பேனாவை வாங்கவில்லை. "ஏளா, சரக்கு எடுக்க வார பார்ட்டியே சரக்கைச் சோதிச்ச சர்வே ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டா நம்ம ஆபீஸ்ல விடுவியா? வீடும் எனக்கு, சாட்சியும் நானா?"

சுருக்கென்றது. உடனே தெரிந்த வக்கீலுக்குப் போன் போட்டேன்.

"நீங்க கிறிஸ்தவங்கல்லா? சொத்து வாங்குத ஆளே சாட்சி போட்டா, அவங்களுக்கு எழுதினது செல்லாதும்மா."

அவளுக்கு வீட்டைக் கொடுக்கும் அவசரத்தில் நானே பறிக்கப் பார்த்திருக்கிறேன்!

டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவர் ஒருவர் எழுந்து வந்தார். "நான் போடுதேன் தாயி. இந்தப் பிள்ளை உனக்கு என்ன சொந்தம்?"

தாளில் 'தோழி' என்றுதான் எழுதியிருந்தேன். ஜெனிட்டா டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு ஆளு, அண்ணே" என்றேன்.

அவர் மறுகேள்வி கேட்கவில்லை. டீக்கடை அண்ணாச்சி, டிரைவர் இருவர் கண்முன்னும் நான் கையெழுத்திட்டேன், அவர்களும் போட்டார்கள்.

இத்தனை வருஷத்தில் அவளை யாரிடமும் நான் அப்படிச் சொன்னதில்லை. இப்போது யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்.