நல்ல நிலையில் இருந்த அறை

வீடு வாங்குவது என்று முடிவானபோது எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. சுவர் காய்ந்திருக்கிறதா? சமையலறை சிறியதாக இருக்கலாம், லிப்ட் அடிக்கடி பழுதாகலாம், ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக்கின் துணிக்கொடி முகத்தில் அடிக்கலாம். சுவர் மட்டும் காய்ந்திருக்க வேண்டும்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டில் மழை தொடங்கினால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படரும். அவளுக்கு இளைப்பு வரும். நெபுலைசர் முகமூடியைத் தானே எடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். கிளினிக் டாக்டர் மருந்தை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "வீட்ட மாத்திப் பாருங்களேன்" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அதை மருந்துச் சீட்டில் எழுதித் தந்ததைப் போல எடுத்துக்கொண்டேன்.

ஆயர் ஈத்தாமில் ஐந்தாவது மாடியில் ஒரு வீடு விற்பனைக்கு வந்தது. விற்றவர் பள்ளி அலுவலகத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற அம்மாள். கணவர் இல்லை. மகனோடு இருக்க சிம்பாங் அம்பாட்டுக்குப் போவதாகச் சொன்னார். மூன்று அறைகள். குளியலறையை ஒட்டிய மிகச் சிறிய அறையை அவர் சாமி அறையாக வைத்திருந்தார். அதுதான் மகளுக்கு என்று பார்த்தவுடன் நினைத்தேன். எங்கள் அறைக்கு எதிரே இருந்தது. கதவைத் திறந்து வைத்தால் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

முதல் முறை பார்க்கப் போனபோது அந்த அறை வாசலில் மகள் இருமினாள். சாம்பிராணிப் புகை என்று நினைத்து அவளைக் கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். இதைப் பின்னாளில் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வீட்டைப் பரிசோதித்து அறிக்கை தரும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டோம். கணவருக்கு அதில் நம்பிக்கையில்லை. "சுவத்துல கை வச்சுப் பார்த்தா தெரியாதா? அதுக்கு ஒரு ஆளா?" என்றார். எனக்கு என் கைமீது நம்பிக்கையில்லை. அவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் விட்டுவிட்டு நான் மட்டும் போனேன்.

வந்தவர் தமிழர், நாற்பதைத் தாண்டியவர். வாசலில் பூட்ஸைக் கழற்றி, காலுறையையும் கழற்றி உள்ளே செருகி வைத்தார். அவரிடம் ஈரம் அளக்கும் சிறிய கருவி இருந்தது. சுவரில் வைத்தால் எண் காட்டும், ஈரமாக இருந்தால் கத்தும். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள் எல்லாவற்றிலும் முழங்கால் உயரத்தில் ஒன்று, மார்பு உயரத்தில் ஒன்று என்று வைத்துப் பார்த்தார். எங்கும் கத்தவில்லை. 

சாமி அறைக்கு வந்தபோது மணி இரண்டு இருக்கும். வீட்டுக்கார அம்மாள் பின்னாலேயே வந்தார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. மச்சம், கறி கிறி ஏதும் சாப்ட்டீங்களா?"

அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். "நாசி கண்டார் கடைல சாப்ட்டுட்டுத்தான் வரேன், ஆன்ட்டி. கோழி."

"ஐயோ. நான் கேட்டிருக்கவே கூடாது."

"இல்ல ஆன்ட்டி, கேட்டது நல்லது. நானும் வீட்ல சாமி வச்சிருக்கேன் லா." தூக்கிய காலை வெளியே வைத்துவிட்டார்.

வாசலில் நின்று டார்ச் அடித்து மேற்கூரையைப் பார்த்தார். கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்தார். குளியலறைப் பக்கச் சுவர் முழுக்கச் சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் வரிசையாகச் சாமி படங்கள் மாட்டப்பட்டிருந்தன. அந்த அம்மாள் உள்ளே போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தார்.

நான் காலையில் இட்லிதான் சாப்பிட்டிருந்தேன். கருவியை வாங்கிக்கொண்டு நானே உள்ளே போயிருக்கலாம். துணியைத் தூக்கிச் சுவரில் வைக்க அரை நிமிடம் போதும். ஆனால் அன்று எனக்கு மாதவிலக்கின் இரண்டாம் நாள். அதைச் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் உள்ளே போகவும் முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில், நிலைப்படிக்கு இப்பால், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

உண்மையில் அந்த நேரத்தில்தான் அவர்மீது எனக்கு முழு நம்பிக்கை வந்தது. கோழி சாப்பிட்டதை மறைக்காதவர் சுவரில் இருப்பதையும் மறைக்கமாட்டார் என்று எண்ணினேன்.

இரண்டு நாளில் அறிக்கை வந்தது. நாற்பது பக்கம். சமையலறைக் குழாயில் சொட்டு, ஒரு ஜன்னல் கொக்கி தளர்வு, கூடத்தில் இரண்டு தரைக்கற்களைத் தட்டினால் அடியில் வெற்றொலி. மூன்றாவது அறை: நல்ல நிலை. நான் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன். உள்ளே போகாமல் எப்படி எழுதினார் என்று கேட்கத் தோன்றியது. நாற்பது பக்கம் எழுதியவருக்குத் தெரியாததா என்றும் தோன்றியது. கையெழுத்துப் போட்டோம்.

சில மாதங்கள் கழித்துச் சாவி கிடைத்தது. அந்த அம்மாள் வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்துவிட்டுப் போயிருந்தார். சாமி அறையில் படங்கள் இல்லை, துணி இல்லை. சுவரில் ஆணித் துளைகள் இருந்தன. அவற்றைச் சுற்றி இடுப்பு உயரத்திலிருந்து மேல்வரை சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, நடுவில் கருப்புப் புள்ளிகள் பூத்திருந்தன. சாம்பிராணி போன பிறகு அந்த அறைக்கு எங்கள் பழைய வீட்டின் வாசனை இருந்தது.

கணவரிடம் நடந்ததை முழுவதும் சொன்னேன், இரண்டாம் நாள் உட்பட. அவர் கோபப்படவில்லை. "அப்போ அந்த ரூம யாருமே செக் பண்ணல. உள்ள இருந்தது சாமி மட்டும்தான்" என்றார். பிறகு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பரிசோதித்தவரைப் போனில் கூப்பிட்டேன்.

"நல்ல நிலைன்னு போட்டிருக்கீங்க, அண்ணே. நீங்க உள்ளயே போகலியே."

"வாசல்ல இருந்து பார்க்க நல்லாத்தான் இருந்துச்சும்மா. நீங்களும் என் பக்கத்துலதானே நின்னீங்க? அப்பவே சொல்லியிருக்கலாம் லா, இன்னொரு நாள் சைவமா வாங்கன்னு. வந்திருப்பேன்."

அவர் சொன்னது சரிதான். வீட்டில் சாமி வைத்திருப்பவர், வெள்ளிக்கிழமைகளில் எப்படியும் சைவமாகத்தான் இருந்திருப்பார். அது எனக்கு ஏன் அன்று தோன்றவில்லை?

நிறுவனத்தின் புகார் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். பரிசோதனையின்போது வாடிக்கையாளர் உடன் இருந்தாரா என்று ஒரு கேள்வி. ஆம். பார்க்க முடியாத பகுதி ஏதும் இருந்ததா? ஆம். காரணம்? அந்தக் கட்டத்தில் மூன்று முறை எழுதி அழித்தேன். வீட்டுக்கார அம்மாள் அனுமதிக்கவில்லை என்று எழுதினால் அது பொய். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். தெரிந்தே கேட்டாரா, பழக்கத்தில் கேட்டாரா என்பது எனக்கு இன்றும் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் தெரியாது. கடைசியில், பரிசோதகர் அறைக்குள் செல்லவில்லை, ஆனால் சென்றதைப் போல எழுதியிருக்கிறார் என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

மன்னிப்புக் கேட்டுப் பதில் வந்தது. இலவசமாக மறுபரிசோதனை செய்து தருவார்களாம். ஒரு சனிக்கிழமை அவரேதான் வந்தார். பூட்ஸையும் காலுறையையும் முன்போலவே கழற்றினார். காலியாகக் கிடந்த அந்த அறையின் வாசலுக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"போலாமாம்மா?"

"சாமி இல்ல, அண்ணே. போங்க."

சுவரில் வைத்ததும் கருவி கத்தத் தொடங்கியது. கீழே கத்தியது, மேலே கத்தியது. கூடத்தில் கணவர் மடியில் இருந்த மகள் காதைப் பொத்திக்கொண்டாள். குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிகிறது, பல வருடமாகக் கசிந்திருக்கும் என்றார். அவர் முகம் சிறுத்துவிட்டது.

"முதல் ரிப்போர்ட்டத் திருத்தணும். இந்த ரூம் ஏன் பார்க்கலன்னு காரணம் போடணும்மா. ஓனர் விடலன்னு போட்டுக்கவா?"

அவருக்கு வேலை போகலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். எனக்கு அது தேவையில்லை. ஆனால் அந்த வரியும் தேவையில்லை.

"அவங்க விடலன்னு சொல்லலியே. யாரும் உள்ள போகலன்னு போடுங்க."

"யாரும்னா?"

"நீங்க, நான். ரெண்டு பேரும்."

அவர் காரணம் கேட்கவில்லை. எழுதிக்கொண்டு போனார். திருத்திய அறிக்கையில் அந்த வரி அப்படியே இருந்தது.

பைப்புக்காரர் வந்து சுவரை உடைத்துக் குழாயை மாற்றினார். பூசியது காயச் சில மாதங்கள் ஆகும் என்றார். எங்கள் சாமி படங்களைக் கூடத்தில் ஒரு பலகைமேல் வைத்திருக்கிறோம். மகள் எங்கள் கட்டிலில் படுக்கிறாள். தன் அறை எப்போது கிடைக்கும் என்று கேட்கிறாள். தினமும் காலையில் அவளை எழுப்புவதற்கு முன்னால் அந்த அறைக்குள் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். மாதத்தில் ஒரு நாள்கூட விடாமல் போகிறேன். நேற்று கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது. அது ஈரமா, வெறும் காலைக் குளிரா என்று தெரியாமல் மறு கையையும் வைத்துப் பார்த்தேன்.