சாக மறுத்த ஜுனைதா

நிந்தவூரில் இடியப்பம் அவித்து விற்கும் ஜுனைதா, தான் மௌத்தாகிவிட்ட செய்தியை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அடுப்பின் முன்னால் குந்தியிருந்தபடி கேள்விப்பட்டாள்.

செய்தி கொண்டுவந்தவர் ஜெஸீம் சேர். கல்முனையில் தமிழ் படிப்பிப்பவர். ஹிந்திக் கதைகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குபவர். ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாது. அந்தக் கதைகளில் வரும் வேலைக்காரிகளைப்போல நம்மூரிலும் ஒருத்தி வேண்டுமென்று, குவைத்தில் ஒன்பது வருடம் வீட்டுவேலை செய்த ஜுனைதாவிடம் கேட்டுக் கேட்டு ஒரு கதை எழுதினார். பெயரும் ஊரும் அப்படியே. பின்னேரம் அச்சகத்துக்குப் போகுமுன் வாசித்துக் காட்ட வந்திருந்தார்.

கதையில் ஜுனைதா அடி வாங்கினாள், அழுதாள், கடைசிப் பக்கத்தில் குவைத் குசினியில், அடுப்படியிலேயே செத்தாள்.

"சேர், என்னக் கொன்டுட்டீங்களே!"

"இது இலக்கியம், ராத்தா. ஹிந்திக் கதையள்ள இப்படிப் பொம்புளையள் சாகத்தான் செய்வாங்க. அப்பதான் வாசிக்கிறவங்கட மனசு உருகும்."

"அவங்கட மனசு உருக நான் ஏன் மௌத்தாகணும்? வாற மாசம் என்ட மகள் அம்ஹாட கலியாணம். அவளுக்கு நான் கட்டின வீட்ட மாப்பிள வீட்டார் வந்து பாத்துச் சாப்பிட்டுப் போனாங்க. அண்டைக்கு ஜின் வந்தா சோறாக்கிப் போட்டது?"

"அப்ப அடிச்சது பொய்யா?"

"அடிச்சதும் மெய், அழுததும் மெய். மறுகா நடந்தத ஏன் எழுதல்ல? இத அம்ஹாவும் வாசிப்பாள். உம்மா அழுதழுது கட்டின வீடெண்டு நினைச்சா, அதுக்குள்ள அவள் எப்படிச் சிரிச்சு இரிப்பாள்?"

பிறகு நடந்தது இதுதான். கூட வேலை செய்த பீகார்க்காரி மீனா இவளுக்கு ஹிந்தி பழக்கினாள். இருவரும் எசமானியின் முகத்துக்கு நேரே, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி, அவளுடைய ஏழு தலைமுறையையும் ஹிந்தியில் ஏசினார்கள். ஹிந்தி விளங்காத எசமானியும் சந்தோசமாகத் தலையாட்டினாள்.

"மீனாவும் ஹிந்திக்காரிதானே, சேர். ஒங்கட கதையள்ள வாறவளுகள் ஒருத்தியும் வாயத் துறக்கிறாளுகள் இல்லயே!"

சேர் பேனையை எடுத்தார். "என்ன சொல்லி ஏசினீங்க?"

ஜுனைதா சொன்னாள். சேருக்கு விளங்கவில்லை. தமிழில் சொன்னாள். சேரின் காது சிவந்தது.

"இத அச்சடிக்க ஏலாது, ராத்தா."

"உசிரோட இரிக்கிறவள மௌத்தாக்கி அச்சடிக்க மட்டும் ஏலுமா?"

இரண்டு தட்டு இடியப்பம் வேகும் நேரம் பேரம் நடந்தது. ஏச்சு பாதியாகக் குறைந்தது. சாவு முழுதாக வெட்டுப்பட்டது.

"அப்ப கடைசிப் பக்கத்துக்கு என்ன எழுதுற?" சேர் பாவம்போலக் கேட்டார்.

"பிளேனில ஏறி வந்தன் எண்டு எழுதுங்க. பக்கத்துச் சீட்டுக்காரன் நித்திர. அவன்ட கேக்கையும் நான்தான் திண்டன். அதையும் எழுதுங்க."